எவடம் எவடம்: கொழும்பில் ஐந்து நாள்கள்

முதல் நாள், ஏப்ரல் 5

வடக்கே பளையில் இரவு ஒன்பதரைக்கு ஏறிய பஸ், விடிவதற்கு முன்பே எங்களை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இறக்கிவிட்டது. பாடசாலை விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணா வீட்டுக்கு வருவது எங்களுக்கு வழக்கந்தான் என்றாலும், இம்முறை கடை பார்க்கவோ கோயில் பார்க்கவோ வரவில்லை. அண்ணாவின் மகன் ஒரு வருடமாக ஞாயிறுதோறும் போய்வரும் சிறுவர் குழு, விடுமுறையில் தொடர்ந்து ஐந்து நாள்கள் கூடுகிறது என்றும், என் மகளையும் சேர்த்துக்கொள்வார்கள் என்றும், துணைக்கு ஒரு பெரியவரும் தேவைப்படுகிறார் என்றும் அண்ணி தொலைபேசியில் சொல்லியிருந்தார். காட்டில் தங்கிப் பிழைப்பதற்கு வேண்டிய பழக்கங்களை விளையாட்டாகப் பழக்குகிறார்களாம். காடில்லாத கொழும்பில் காட்டுப் பழக்கமா என்று நான் சிரித்தேன். பளையைச் சுற்றிப் பற்றையும் பனங்கூடலும் தென்னந்தோப்புமாகக் கிடக்க, அதைப் படிக்க ஏழெட்டு மணிநேரம் பஸ்ஸில் வருவது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது.

காலை எட்டு மணிக்கு விகாரமகாதேவி பூங்காவில் கூடினோம். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பதினான்கு பிள்ளைகள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெகிவளைப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளோடு, இராஜகிரியவிலிருந்து வரும் சிங்களம் பேசும் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். நடத்துபவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், அவரை எல்லோரும் மாஸ்ரர் என்கிறார்கள், விலங்கியல் படித்த இளம்பெண் ஒருவர், பிள்ளைகளுக்கு அவர் வெறுமனே அக்கா. சீருடை, கொடி, உறுதிமொழி எதுவும் கிடையாது. வான் கூலியையும் தேத்தண்ணிக் காசையும் பெற்றோர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

மாஸ்ரர் சிறுவயதில் சாரணராக இருந்தவர். இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளையில் ஒரு பாடசாலையில் தொடங்கியதைத் தன் வீட்டு விசேஷம்போலச் சொன்னார். சுவீடனில் 1957 முதல் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பழக்குவதற்கென்றே காட்டில் வாழும் ஒரு கற்பனைக் குட்டி மனிதனை உருவாக்கி, அவனைச் சுற்றியே பாட்டும் விளையாட்டும் அமைத்திருப்பதையும் சொன்னார். பிறகு, “எங்களுக்கு அந்தக் குட்டி மனிதன் தேவையில்லை, எங்களிடம் புளியடி இருக்கிறது” என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெரியவர்களுக்கு அங்கே ஒரேயொரு விதிதான். அதை மருமகனே எனக்கு அறிவித்தான்: “மாமி, பிள்ளையள் கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். கேட்காட்டி வாயைத் திறக்கக்கூடாது.” பத்து நிமிடம்கூட என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகள் நடைபாதையை விட்டு நீளப் புல்லுக்குள் ஓடியதும், “புல்லுக்குள்ளே கால் வைக்காதேங்கோ!” என்று என் வாய் தானாகக் கத்திவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி விரியனை நினைத்துக் கத்தினேன் என்று அக்கா எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். முகமாலைப் பக்கம் மண்டையோட்டுப் பலகையும் சிவப்புக் கோலும் நட்ட கண்ணிவெடி நிலத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கால்கள், வழமையாக ஆள் நடக்கும் தடத்தை விட்டு ஒரு அடிகூட விலகாது. அதையே மகளுக்கும் பழக்கியிருக்கிறேன். முந்நூறுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் தாண்டி நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே நின்றபோதும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

முதல் விளையாட்டு என்னை வாயடைக்க வைத்தது. மாஸ்ரர் ஒரு சிறுமியின் இரு கைகளையும் சேர்த்துக் குவிக்கச் சொல்லி, அதில் மண்ணை நிரப்பி, நடுவில் ஒரு குச்சியை நட்டார். மருமகன் பின்னால் நின்று அவளுடைய கண்களைப் பொத்திக்கொண்டான். இருவரும் நடக்கத் தொடங்கினார்கள். “எவடம் எவடம்?” என்று அவள் கேட்க, “புளியடி புளியடி” என்று அவன் சொல்ல, வளைந்தும் நெளிந்தும் சுற்றியும் போய், ஓரிடத்தில் மண்ணைக் குச்சியோடு வைக்கச் செய்து, வேறு வழியாகத் திரும்பக் கூட்டிவந்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தான். இனி அந்தக் குச்சி எங்கே இருக்கிறது என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

இது நான் எங்கள் முற்றத்தில் விளையாடிய விளையாட்டு. நாற்பது வருடங்களாக ஞாபகத்தில் இருந்தும், என் மகளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் அதை கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒன்றிடம் படித்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்த பிள்ளைகளிடம் அக்கா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: “எப்படித் தெரிந்தது?” வெயில் முதலில் வலக் கன்னத்திலும் பிறகு கழுத்திலும் சுட்டது என்றாள் ஒருத்தி. பழந்தின்னி வௌவால்கள் சத்தமிட்ட மரம் வரவரக் கிட்ட வந்தது என்றான் ஒருவன். காலுக்குக் கீழே தார், பிறகு சருகு, பிறகு வேர் என்று தங்கை சிங்களத்தில் சொல்ல, அண்ணன் தமிழில் மொழிபெயர்த்தான். குச்சியைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிய பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.

இரண்டாம் நாள், ஏப்ரல் 6

பெத்தகான ஈரநிலப் பூங்கா ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில், தியவன்னா ஓயாவின் கரையில் இருக்கிறது. சதுப்பின் மேலே மரப்பலகையால் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கோட்டை இராசதானியின் பழைய மதிலின் எச்சமும் அந்தச் சுற்றாடலில்தான் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1565இல் இந்த நகரைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போகும்வரை, இந்தச் சதுப்பும் நீருமே அதற்கு இயற்கை அரணாக இருந்தன. யாழ்ப்பாணத்தை 1450இல் பிடித்த செண்பகப்பெருமாள் புறப்பட்டு வந்ததும் இந்தக் கோட்டையிலிருந்துதான் என்பதை, வடக்கிலிருந்து வந்த ஒருத்தியாக, பலகையில் நின்றபடி நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லையே.

வானிலிருந்து இறங்குமுன் ஒவ்வொருவரும் முழுக்கைச் சட்டையும் மூடிய சப்பாத்தும் அணிந்திருக்கிறார்களா என்று ஒரு பெரிய பிள்ளை பார்த்தது. நுளம்புக்கு ஒரு பூச்சு. உடம்பில் கீறல் காயம் இருந்தால் அதை மூடி ஒட்டு. சேற்றுத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம், தோலில் வெடிப்பு இருந்தால் அதன் வழியே எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எனக்கு விளக்கினான். பாம்பு கடித்தால் கட்டுப் போடக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதையும் அவன் ஒரே மூச்சில் ஒப்பித்தான். இதையெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடுவார்கள். இங்கே ஒருவன் ‘கடிபட்டவன்’ ஆகக் கீழே விழுவான். மற்றவர்கள் அவனுடைய கால் அசையாதபடி தூக்கி வானடிக்குக் கொண்டுவர வேண்டும். கால் அசைந்தால் அவன் ‘செத்துப்போவான்’. நேற்று மட்டும் மூன்று தடவை செத்த ஒருவன் இன்றும் மகிழ்ச்சியோடு வந்திருந்தான்.

அதற்குப் பிறகு சத்தத்தின் படம் வரைதல். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளின் நடுவில் தனக்கென்று ஒரு புள்ளி வைத்துவிட்டு, பலகையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பத்து நிமிடம் வாய் திறக்காமல், கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் அது வரும் திசையிலும் தூரத்திலும் குறிக்க வேண்டும். பெயர் தெரியத் தேவையில்லை. ‘க்ரோக் க்ரோக்’ என்று எழுதலாம், கோடு இழுக்கலாம். நானும் ஒரு தாள் வாங்கிக்கொண்டேன். முதல் மூன்று நிமிடம் பிரதான வீதியின் இரைச்சலைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரைச்சல் ஓரமாக ஒதுங்கியதுபோல, கானாங்கோழி ஒன்று கத்தியது; தண்ணீருக்குள் ஏதோ ‘தொபுக்’ என்று விழுந்தது; காற்று வந்ததும் சம்புப் புல் உராய்ந்தது. கடைசியில் தாள்களைப் பக்கம் பக்கமாக விரித்து வைத்தபோது, பதினான்கு தாள்களிலும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் சத்தம் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று பிள்ளைகளே ஆராய்ந்தார்கள். பருந்து என்றார்கள் சிலர். அது இல்லை.

பலகைக்கு நாலைந்து அடி தள்ளி, தண்ணீரிலிருந்து ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, ஏறிவந்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடும்பைப் பார்த்திருக்கிறாள், ஆளின் உயரத்துக்கு நீண்ட, மஞ்சள் புள்ளியிட்ட, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை நக்கும் இதை இதற்கு முன் கண்டதில்லை. ஒருவரும் கத்தவில்லை, கல் எடுக்கவில்லை. அது சேற்றைக் கடந்து புதருக்குள் போனபின், பலகை நிலத்தில் வந்து சேரும் இடத்தில் சிறுவர்கள் குனிந்து தடத்தைப் பார்த்தார்கள். இருபுறமும் விரல் விரித்த பாதங்கள், நடுவில் வால் இழுபட்ட நெளிகோடு. “வால் கோடு நேராய் இல்லை, அப்படியென்றால் அது மெதுவாத்தான் போயிருக்கு” என்று ஒரு சிறுமி வாதிட்டாள். மற்றவள், வேகமாகப் போனால்தான் வால் ஆடும் என்றாள். அக்கா தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த கபரகொய்யாவை ஓடவிட்டுப் பாருங்கள் என்பதோடு விட்டுவிட்டார்.

அன்றைய பெரிய புதையல் வேறு. கரையோர ஈரமண்ணில் ஒரு பாதத் தடம்: நான்கு விரல், பின்னால் ஒரு மெத்தை. நாயா பூனையா? நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பதியாது. இந்த விதியைப் பிள்ளைகள் தெருநாயையும் வீட்டுப் பூனையையும் மாவு தூவிய தட்டில் நடக்கவிட்டு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் இந்தத் தடம் வீட்டுப் பூனையினதைவிடப் பெரிது. நகமும் இலேசாகப் பதிந்திருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. கொழும்பைச் சுற்றியுள்ள ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. வீட்டுப் பூனையைவிட இருமடங்கு பருமனான அது, இரவில் தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. அதன் நகங்கள் முழுமையாக உள்ளே இழுபடுவதில்லை. எனவே நகம் பதிந்தால் நாய் என்ற விதிக்கு இந்த நகரத்திலேயே ஒரு விலக்கு உலாவுகிறது. அது உறுதியாக மீன்பிடிப் பூனைதானா, கொழுத்த நாய்க்குட்டியா என்று அக்கா சொல்லவில்லை, “இருக்கலாம்” என்றார். இரண்டு பங்கு பாரிஸ் சாந்துத்தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று கலந்து ஊற்றி, அரைமணி நேரம் காவல் இருந்து, அச்சைப் பெயர்த்து எடுத்தார்கள். அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் நடந்த சண்டையைப் பற்றி எழுதத் தேவையில்லை.

ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. உலகில் முதன்முதலாக அந்தத் தகுதியைப் பெற்ற பதினெட்டு நகரங்களில் இதுவும் ஒன்று. 2010 நவம்பர் மழையில் தியவன்னா பெருகிப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியதையும் மாஸ்ரர் நினைவுபடுத்தினார். வானில் திரும்பும்போது ஒரு பையன், “அந்தத் தண்ணி முந்தி எங்க இருந்தது?” என்று கேட்டான். இருபுறமும் நிரவிக் கட்டிய மாடிகளை மாஸ்ரர் கையால் காட்டினார்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 7

காலிமுகத்திடல். இந்த வெளியை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்தபோது நட்ட நினைவுக்கல்லில், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக இதைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் இருக்கிறது. அந்த ஆளுநரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வாசகத்தைப் பதினான்கு பிள்ளைகளும் தங்களுக்கு எழுதிய கடிதம்போல எடுத்துக்கொண்டு கூச்சலிட்டபோது, சொல் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திசை அறிவதுதான் இன்றைய விளையாட்டு. புறக்கோட்டையில் ஒரு கடையில் வாங்கிய ஆறு திசைகாட்டிகளில் இரண்டு ஆளுக்கொரு வடக்கைக் காட்டின. நல்ல நான்கையும் முச்சக்கரவண்டி ஒன்றுக்குக் கிட்டக் கொண்டுபோனதும் அவையும் தலை திருப்பிக்கொண்டன. “இரும்பைக் கண்டால் இது பொய் சொல்லும்” என்று மாஸ்ரர் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிட்டு, தும்புத்தடியின் கோலை நிலத்தில் நட்டார். பத்து மணிக்குக் கோலின் நிழல் முனையில் ஒரு போத்தல் மூடி. பதினைந்து நிமிடத்துக்குப் பின் நிழல் நகர்ந்த இடத்தில் இன்னொரு மூடி. முதல் மூடியிலிருந்து இரண்டாவதற்கு இழுத்த கோடு மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகும். கடல் மேற்கே கண்முன்னால் கிடப்பதால், கோடு சரியா என்று பார்க்க எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூடி வைக்கும் இடைவேளைகளில் நிழல் மிதிக்கும் விளையாட்டு. ஒருவன் துரத்துவான், மற்றவர்களின் நிழலை மிதித்தால் அவர்கள் ஆட்டமிழப்பார்கள். பத்தரை மணிக்கு நிழல் இடுப்பளவு நீளம் இருந்தது. ஆட்கள் சடசடவென்று விழுந்தார்கள். பதினொன்றரைக்கு ஒருவரைப் பிடிக்கவே மூச்சு வாங்கியது. நண்பகல் நெருங்கியபோது, துரத்தியவன் நடுவெளியில் நின்று, “ஒருத்தருக்கும் நிழல் இல்லை, கள்ள விளையாட்டு!” என்று அழாக்குறையாகக் கத்தினான்.

இதற்காகத்தான் மாஸ்ரர் இந்தத் திகதியைத் தேர்ந்தெடுத்திருந்தார். சூரியன் வடக்கே நகரும் பயணத்தில், ஏப்ரல் முதல் இரு வாரங்களில் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் ஊருக்கும் நேர் உச்சியில் வந்து போகிறது. கொழும்புக்கு அந்த நாள் இன்று. பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் கோலின் நிழல் கோலுக்குள்ளேயே போய்விட்டது. பிள்ளைகள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். தண்ணீர்ப் போத்தலை நட்டுப் பார்த்தார்கள். ஒரு சிறுமி குடையை விரித்துப் பிடித்து, வட்ட நிழலுக்கு நடுவில் குடைக்காம்பின் புள்ளி இருப்பதைக் காட்டினாள். ஒரு சிறுவன் மட்டும் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டி, நிழல் இருக்கிறது, காலுக்குக் கீழே ஒளித்திருக்கிறது என்றான். ஒரு நிமிடம் கழிந்ததும் கோலின் கிழக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கருங்கோடு தோன்றியது. அதை முதலில் கண்டவள் என் மகள். நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்த தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தபடி நான் தள்ளி நின்றேன். ஆனால் அவள் சத்தமிடாமல் விரலால் காட்டியதைப் பார்த்தேன். மூடிகள் காலையிலிருந்து ஒரே நேர்கோட்டில், கடலிலிருந்து நகரை நோக்கி வரிசையாக நின்றன.

இரவு எட்டு மணிக்கு அண்ணா வீட்டு மொட்டைமாடியில் ஏறினோம். கொழும்பில் நட்சத்திரம் தெரியாது என்று நான் நம்பியிருந்தது பாதிதான் சரி. மேற்கே கடலின் மேல் திருவாதிரையின் செந்நிறமும் அதற்கு அருகே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்களும் தெரிந்தன. அந்த மூன்றும் உலகில் எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறையக் கிழக்கே உதித்து மேற்கே மறையும் என்பதை மருமகன் சொன்னான். துருவ நட்சத்திரத்தை அவர்கள் தேடவில்லை. அது ஒரு ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்திலேயே நிற்கும். கொழும்பில் ஏழு பாகை என்பதால் தெகிவளைப் பக்கமல்ல, கொள்ளுப்பிட்டிப் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பளையில் ஒன்பதரை பாகை. “எங்கட ஊரில் கொஞ்சம் உயரம்” என்று மகள் பெருமையாகச் சொன்னாள். பத்து மணிக்குத் தெற்கே தென்சிலுவை எழும்பியபோது அவள் தூங்கிவிட்டாள்.

நான்காம் நாள், ஏப்ரல் 8

தலவத்துகொடவில் பெற்றோர் ஒருவரின் வீட்டுப் பின்வளவு. காலை முழுவதும் கயிறு. முடிச்சுக்குக் கதை வைத்திருக்கிறார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கபரகொய்யா வெளியே வருகிறது, மரத்தைச் சுற்றுகிறது, பயந்து மறுபடி கிணற்றுக்குள் இறங்குகிறது. இழுத்தால் இறுகாத, ஆளை இடுப்பில் கட்டித் தூக்கக்கூடிய வளையம் கிடைத்துவிடும். தும்புக்கயிற்றைக் கையில் எடுத்ததும், கதை முடியுமுன்பே என் விரல்கள் அந்த முடிச்சைப் போட்டுவிட்டன. எங்கள் கிணற்று வாளிக்கு அப்பா போடும் கட்டு அதுதான். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றோ, அதை எவராவது எவருக்காவது கற்பிப்பார்கள் என்றோ நான் நினைத்ததே இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள், ஆகவே விதிப்படி பதில் சொன்னேன். ஐந்தாறு பேருக்குக் கை பிடித்துக் காட்டினேன்.

பிற்பகல் வானம் இருண்டது. இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் நாட்டில் இடிமின்னல் அதிகம். மின்னல் வெட்டியதும் பிள்ளைகள் கைதட்டி எண்ணத் தொடங்கினார்கள். சத்தம் மூன்று வினாடியில் ஒரு கிலோமீற்றர் வரும் என்பதால், முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, விளையாட்டை விட்டு வீட்டுக்குள் போக வேண்டும். இருபத்தாறில் இடித்தது. தறப்பாளை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். மரத்தடியும் தறப்பாளும் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவா. கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் கழிந்தே வெளியே விட்டார்கள். அந்த அரைமணியில் பதினான்கு பேரும் ஒரே மண்டபத்துக்குள் செய்த அட்டகாசத்தை வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டதுதான் இன்றைய பெரிய சாகசம்.

பிறகு நனைந்த வளவில் நெருப்பு மூட்டும் போட்டி. மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு மூன்று நெருப்புக்குச்சிகள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும். கடதாசி கூடாது, மண்ணெண்ணெய் கூடாது. கொழும்புப் பிள்ளைகள் தடித்த விறகை அடுக்கிவிட்டு, அதற்குக் கீழே குச்சியைக் கிழித்துக் கிழித்து இரண்டைத் தீர்த்துவிட்டார்கள். என் மகளின் கூட்டம் குச்சியைத் தொடவே இல்லை. அவள் தென்னைமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கிய பன்னாடையைக் கம்பால் தட்டி விழுத்தினாள். வெளிப்புறம் நனைந்திருந்தாலும் உள்மடிப்பு உலர்ந்திருந்தது. பொச்சுமட்டையைக் கல்லில் தட்டிப் பிளந்து, உள்ளேயிருந்த தும்பைப் பிய்த்து, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் குருவிக்கூடு போலாக்கினாள். அதன் மேல் ஈர்க்கு, அதற்கு மேல் பிளந்த பாளை, கடைசியில் சிரட்டை. முதல் குச்சியைக் காற்று அணைத்துவிட்டது. இரண்டாவதை அவள் உடம்பால் மறைத்துக்கொண்டு தும்பின் அடியில் பிடித்தாள். வெண்புகை எழுந்தது, சுருண்டது, நின்றது. அவள் குனிந்து, மெல்ல, நீளமாக, மூன்று தடவை ஊதினாள். தும்பின் ஒரு இழை சிவந்தது. அடுத்த இழைக்குத் தாவியது. பிறகு பக்கென்று பற்றிக்கொண்டது.

அவள் எங்கே படித்தாள் என்று அக்கா என்னைக் கேட்டார். அடுப்படியில் என் பக்கத்தில் நின்றதைத் தவிர வேறெங்கும் இல்லை. மூன்றாவது குச்சியை அவர்கள் பக்கத்துக் கூட்டத்துக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டியாக இரண்டு பிஸ்கட் வாங்கினார்கள்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 9

திரும்பவும் விகாரமகாதேவி பூங்கா. புதுவருடத்துக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் சிலர் வரவில்லை, பத்துப் பிள்ளைகள்தான். தடம் பிடிக்கும் விளையாட்டு. முன்னே போகும் கூட்டம் குச்சிகளால் அம்புக்குறி வைத்துக்கொண்டு போகும். பின்னே வரும் மூவர் அதைப் பார்த்துத் தேடிவர வேண்டும். அந்த மூவரில் மகளும் மருமகனும் இராஜகிரியத் தங்கையும் இருந்தார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், பூங்காவைக் கூட்டும் அம்மா தன் வேலையை ஒழுங்காகச் செய்யாமல் இருந்திருந்தால். கூட்டும் பாதையில் குச்சியை வைத்தது எங்கள் பிழை. மூன்று அம்புக்குறிகள் சருகோடு சருகாகக் குப்பைத் தள்ளுவண்டிக்குள் போய்விட்டன.

பத்து நிமிடம் ஆகியும் மூவரும் வரவில்லை. இருபது நிமிடம் ஆனது. மாஸ்ரர் நிதானமாக, ஆனால் வேகமாக, ஆளுக்கொரு பக்கம் போகச் சொன்னார். அவர் குரலிலும் ஒரு மாற்றம் இருந்தது. பூங்கா பெரிது, மூன்று பக்கமும் வீதி. நான் எந்தப் பக்கம் போனேன், எதைத் தாண்டினேன் என்று இப்போது யோசித்தால் தொடர்ச்சியாக ஞாபகம் வரவில்லை. நகரசபைப் பக்கத்து மரங்களுக்குள் வந்தபோது ஊதல் கேட்டது. மூன்று முறை, இடைவெளி, மீண்டும் மூன்று முறை. வீதி வாகனங்களின் ஒலியில் அவர்கள் அவ்வளவு நேரம் ஊதியது எங்களில் ஒருவருக்கும் எட்டவில்லை.

ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கிடையே மூவரும் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் சிவப்புத் தொப்பியைக் கம்பில் மாட்டி நட்டிருந்தார்கள். வழி தவறியது தெரிந்த கணமே நடப்பதை நிறுத்தி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்பது, 1981இல் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் அலைந்து இறந்ததற்குப் பின் பிள்ளைகளுக்கென்று உருவான பாடம். மாஸ்ரர் அதைத் தமிழில் ஒரே சொல்லாக்கி வைத்திருந்தார். முதல் நாள் எனக்கு விளங்காமல் போன சொல் அது.

“எங்க போய்த் தொலைஞ்சனீங்கள்?” என்று நான் கத்தினேன்.

“நாங்கள் தொலையேல்லை அம்மா, புளியடியில இருந்தனாங்கள். நீங்கள்தான் வரப் பிந்திட்டீங்கள்” என்றாள் மகள். பிறகு என் கால்களைப் பார்த்து, “செருப்பு எங்க?” என்றாள்.

இரண்டு செருப்பும் இல்லை. மூவரும் எழுந்து, நீளப் புல்லில் நான் மிதித்து வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்து, ஒன்றை ஒரு பூம்பாத்திக்கு அருகிலும் மற்றதை முப்பது அடிக்கு அப்பாலும் எடுத்துத் தந்தார்கள். “மாமி நல்லா ஓடியிருக்கிறா, குதிக்கால் பதியவே இல்லை” என்று மருமகன் எல்லோருக்கும் அறிக்கை கொடுத்தான்.

இரவு எட்டரைக்கு பஸ். பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பல்கனியிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. மத்தியானம் பிள்ளைகள் இருவரும் உடுப்புக் காயப்போடும் கொடியை அவிழ்த்து, தங்கள் முடிச்சில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அதை உயர்த்தவும் முடியவில்லை, தாழ்த்தவும் முடியவில்லை. அண்ணா கத்தியோடு வந்தார். மகள் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு, ஒரு கதிரையில் ஏறி, கபரகொய்யாவைக் கிணற்றுக்குள்ளிருந்து வெளியே எடுக்கத் தொடங்கினாள்.